உபால்தோ திருடன் இல்லை!

“உபால்தோ ஒரு திருட்டுப் பய! சிலையைத் தூக்கிட்டு ஓடிட்டான்!”

ரொட்ரிகோ போட்ட கூச்சலில், கூடாரங்களுக்குள் சுருண்டு கிடந்தவர்கள் எல்லோரும் எழுந்து வெளியே வந்தார்கள். அப்போதுதான் விடிந்திருந்தது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், இல்யாமார்க்கா என்ற பழைய இன்கா நகரத்தின் இடிபாடுகளுக்குக் கீழே அந்த முகாம் இருந்தது. ரோடு என்ற பேச்சே கிடையாது. பல நாள் நடந்துதான் வர வேண்டும், பல நாள் நடந்துதான் போக வேண்டும். முந்தின நாள் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்து முடித்தாயிற்று. இன்று எல்லோரும் கீழே இறங்குவதாக ஏற்பாடு.

இந்த ரொட்ரிகோ யார் என்றால், பயணத்தை நடத்தும் நிறுவனத்தின் மேலாளர். மலைமேல் வந்தும் சட்டை கசங்காத மனிதர். மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளையும் அவற்றை ஓட்டும் ஆட்களையும் ஒரே குரலில் அதட்டுகிறவர். அப்படிப்பட்டவருக்கு ‘அவர்’ போடுவதே அதிகம், இருந்தாலும் போட்டு வைப்போம். உபால்தோ அந்தக் கழுதைக்காரர்களில் மூத்தவர். அவருடைய தங்கை நில்டாதான் இந்தப் பயணத்தின் வழிகாட்டி.

“என்ன சொல்லுதான் இவன்?” என்று கேட்டாள் சேர்மக்கனி.

சேர்மக்கனி தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கோபம் மூக்குக்கு மேலே வரும். கூட வந்திருந்த அமலோற்பவம் அவளோடு படித்தவள், நர்ஸ். மாட்ரிட் நகரத்து முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்ததால் ஸ்பானிஷ் மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது ஆள் அமலோற்பவத்தின் தம்பி கஸ்பார், சரக்குக் கப்பலில் மாலுமி. மலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிளம்பிய கடற்கரைக்காரர்கள்!

“இப்பதான் ஒரு ஆளு மேல போயிப் பாத்துட்டு வந்தானாம். மைதானத்துல இருந்த லாமா சிலைய, அதான் இந்த ஊரு நீளக் கழுத்து மிருகம், அந்தச் சிலையக் காணோமாம்ட்டி. உபால்தோ அண்ணனயும் காணோமாம், அவரு கழுதையயும் காணோமாம். அதனால அவருதான் களவாண்டுட்டாராம்” என்றாள் அமலோற்பவம்.

“எந்தச் சிலை? நான் ஒரு சிலையும் பாக்கலயே?”

நில்டா குறுக்கே புகுந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. “பெரிய சிலை இல்ல. உள்ளங்கை அளவு கல்லு. லாமா மாதிரி செதுக்கியிருக்கும், முதுகுல ஒரு குழி இருக்கும். ஊருக்குத் திரும்புற அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி, மூத்தவர் போய் அந்தக் குழியில கொழுப்பும், நாங்க மெல்லுற கோக்கா இலையும் வைப்பார். கழுதைங்களுக்கு வழியில ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிக்குவோம். எங்க அப்பா காலத்துலயும் அப்படித்தான். அண்ணன் அதுக்குத்தான் போனார். அதைப் போய் அவரே திருடுவாரா?”

அமலோற்பவம் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சேர்மக்கனி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“முதுகுல குழியா? உள்ளார எண்ணெப் பிசுக்கு, கருப்பா?”

“ஆமா. ஏன்?”

“ஐயோ ஏட்டி! அது விளக்குல்லா!”

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் தூறல் போட்டபோது, சேர்மக்கனி அந்த மைதானத்தில் கடைசியாக நின்றிருந்தாள். தரையில் ஒரு சின்னக் கல் கிடந்தது. நடுவில் குழி, குழிக்குள் பிசுக்கு. தூத்துக்குடிக்காரிக்கு அது வேறு எதுவாகத் தெரியும்? அகல் விளக்கேதான்! விளக்கை இப்படி வெறும் தரையில், மழையில் போட்டு வைப்பார்களா என்று மனசு கேட்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்தால் வரிசையாக மாடங்கள். அச்சு அசலாக வீட்டு விளக்கு மாடம் மாதிரியே. துடைத்து எடுத்து, உள்ளடங்கிய மாடம் ஒன்றில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். அது பக்கவாட்டில் பார்த்தால் லாமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

“நான்தான் எடுத்து வச்சேன். திருட்டுமில்ல, ஒண்ணுமில்ல. சொல்லுட்டி அவன்கிட்ட!”

அமலோற்பவம் சொன்னாள். ரொட்ரிகோ கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“உங்க நல்ல மனசு புரியுது, சீமாட்டி. ஏழை மேல பரிதாபப்பட்டுப் பொய் சொல்றீங்க. ஆனா கீழே பஸ் காத்திருக்கு, மத்த விருந்தாளிங்களுக்கு விமானம் இருக்கு. மறுபடி மேல ஏறிப் பார்க்க நேரமில்லை. ஊர்ல போய்ச் சொல்லிக்கலாம்.”

“சிலை அங்க இருக்குன்னா, ஆளு எங்க?” கஸ்பார் முன்னால் வந்தான். “அதக் கேளுக்கா. சிலையக் காணோம்னு தேடப் போனவரு இன்னும் திரும்பலன்னா, எங்கயாவது விழுந்து கிடக்காருன்னுதான அர்த்தம்?”

அமலோற்பவம் அதையும் ஸ்பானிஷில் கேட்டாள். நில்டா நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்ததும் அதைத்தான். இரவு பெய்த மழையில் மலைச்சரிவு முழுக்க ஊறிப்போயிருந்தது. கீழே பள்ளத்தாக்கில் ஆற்றின் இரைச்சல் அவர்கள் நின்ற இடம் வரை கேட்டது.

ரொட்ரிகோ தோளைக் குலுக்கினார். “விழுந்திருந்தா கழுதை தனியா வந்திருக்கும். ஓடிட்டான். நில்டா, நீ இப்போ மேல போனா இந்த வேலையை மறந்துடு. மத்தவங்க மூட்டையைக் கட்டுங்க!”

இதைக் கேட்டும் சும்மா நிற்க முடியுமா? ஒரு மனிதன் செத்தானா பிழைத்தானா என்று பார்க்க நேரமில்லை, திருடன் என்று பட்டம் கட்ட மட்டும் நேரம் இருக்கிறது! சேர்மக்கனி எழுந்தாள்.

“போர்ச்சுக்கீசு காலத்துல இருந்து ரொட்ரிகோன்னு பேரு வச்ச எத்தன நல்ல மனுசங்க எங்க ஊருல இருக்காங்க தெரியுமா? அந்தப் பேரக் கெடுக்கன்னே வந்திருக்கான் பாரு! ஏட்டி, இத அப்படியே சொல்லு, ஒரு எழுத்து விடாத. நாங்க மேல போறோம். போயி அந்த அண்ணனக் கூட்டிட்டுத்தான் இறங்குவோம்.”

அமலோற்பவம் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். கொஞ்சம் சேர்த்தும் சொன்னாள்.

கஸ்பார் மூட்டைகளுக்கு நடுவே கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்துத் தோளில் போட்டான். “அது நிறுவனத்தோட சொத்து, வை கீழே!” என்று ரொட்ரிகோ பாய்ந்தார்.

“பொய்!” நில்டா முதல் தடவையாகக் கத்தினாள். “அது என் அண்ணன் தோலை ஊறவச்சு, தன் கையால முறுக்கின கயிறு. அவரைக் காப்பாத்த அவர் கயிறு கூடவா வரக்கூடாது?”

ரொட்ரிகோ நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மற்ற கழுதைக்காரர்கள் தலையைக் குனிந்தபடி மூட்டை கட்டினார்கள். வேலை போய்விடும் என்ற பயம். ஆனால் ஒருவர் மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில், அவித்த உருளைக்கிழங்கும் வறுத்த சோளமும் போட்ட பையைப் பாறை மறைவில் வைத்துவிட்டு, நில்டாவுக்குக் கண்ணைக் காட்டிப் போனார்.

நால்வரும் ஏறினார்கள். அந்த உயரத்தில் நான்கு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். அவர்களோ ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பாதி வழியில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. பட்டாணி பட்டாணியாக முகத்தில் அறைந்தது. சேர்மக்கனி ஒரு பக்கம் ரொட்ரிகோவைத் திட்டினாள், மறுபக்கம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“கைய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா நானு? எனக்கென்ன வந்துச்சு விளக்க எடுத்து வைக்க?”

“திட்டுத மூச்சையும் சேத்து நடக்கதுக்கு வச்சுக்க. கீழ போயி சாவகாசமா திட்டலாம்” என்றாள் அமலோற்பவம்.

மைதானம் வந்தது. சேர்மக்கனி சுவரோரமாக ஓடி மாடத்தைக் காட்டினாள். கல் லாமா அவள் வைத்த இடத்திலேயே சாதுவாக நின்றது. நில்டா அதை ஒருகணம் பார்த்தாள், தொடவில்லை. அவள் கண்கள் தரையைத் தேடின. மைதானத்தின் விளிம்பில், ஈர மண்ணில், கழுதைக் குளம்பின் தடம் தெரிந்தது. அது பாதைக்குத் திரும்பவில்லை. கீழ்நோக்கிப் போயிருந்தது!

“மழைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்னு நினைச்சிருக்கார். வாய்க்கால் போற வழியாத் தேடிக்கிட்டே இறங்கியிருக்கார்” என்றாள் நில்டா.

அந்த மலைச்சரிவு முழுவதும் இன்காக்கள் பயிர் செய்யக் கட்டிய அடுக்கு வயல்கள். ஒவ்வொரு அடுக்கும் ஆள் உயரத்துக்கு மேலான கல் சுவர். மேல் அடுக்குகளுக்கு இடையே மட்டும் சாய்வுப் பாதை இருந்தது. அதற்குக் கீழே சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் கற்கள்தான் படிகள். பிடிமானம் என்று ஒன்றும் கிடையாது. அதற்குள் மூடுபனி எழும்பி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பக்கத்தில் நிற்பவர் முகமே மங்கலாகத் தெரிந்தது.

“உபால்தோ!” “அண்ணே!” கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பனிக்குள் குரல் போய் எங்கோ அமுங்கிவிட்டது.

“தள்ளு” என்றாள் சேர்மக்கனி. இரண்டு கைகளையும் வாயோரம் குவித்தாள். குலசை தசராவில் கோயில் வாசலில் நின்று போடுவாளே, அந்தக் குலவை! நாக்கு சுழன்ற சுழற்சியில் மலையே கூசியது. நில்டா திடுக்கிட்டு ஒரு எட்டுப் பின்வாங்கினாள்.

“ஆளக் காணோம்னு தேடும்போது குலவை போடுத ஒரே ஆளு நீதாம்ட்டி” என்றாள் அமலோற்பவம்.

“சும்மா கிட. கேளு!”

கீழே, வலது கைப் பக்கம், பனிக்குள்ளிருந்து ஒரு கழுதை கனைத்தது.

நில்டா அழுதேவிட்டாள். “அவரோட கழுதை! அது கனைக்கிற குரல் எனக்குத் தெரியும்!”

குலவை, கனைப்பு, குலவை, கனைப்பு. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அவர்கள் இறங்கினார்கள். சாய்வுப் பாதை முடிந்த அடுக்கில் கழுதை நின்றுகொண்டிருந்தது. அடித்தாலும் நகர மாட்டேன் என்பதுபோல விளிம்பைப் பார்த்தே நின்றது. கஸ்பார் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். சுவரில் துருத்திய கற்படிகளில் ஒன்று அடியோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. கீழ் அடுக்கில், குறுகலான மண் திட்டில், ஒரு மனிதர் சுவரோடு ஒட்டிக் கிடந்தார். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, ஆற்றின் இரைச்சல் மட்டும்தான்.

“உயிரோட இருக்காரு! கை அசைக்காரு!”

கஸ்பார் கயிற்றின் ஒரு முனையைக் கழுதையின் சேணத்தில் கட்டினான். மறுமுனையை இடுப்பில் சுற்றி, கப்பலில் போடும் முடிச்சைப் போட்டான். படிக்கற்களில் கால் வைத்து, ஒவ்வொன்றையும் மிதித்துப் பார்த்து இறங்கினான். பிடுங்கிப்போன கல் இருந்த இடத்தில் அந்தரத்தில் தொங்கிக் குதித்தான். காலடி மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

“அக்கா! முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சிருக்கு. இப்படியே தூக்க முடியாது. நீ வரணும்!”

அமலோற்பவத்துக்கு மொட்டை மாடி விளிம்பில் நின்றாலே தலை சுற்றும். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். “எலே கஸ்பாரு, கீழ பாருன்னு மட்டும் சொல்லிராத!” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றில் இறங்கினாள். கால் தரையில் பட்டதும் பயமெல்லாம் எங்கே போனதோ! நடைக்கம்புகள் இரண்டை இரு பக்கமும் வைத்து, சேர்மக்கனியின் துப்பட்டாவைக் கிழித்து, முறிந்த காலை அசையாமல் கட்டினாள். உபால்தோவின் உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் ஒரு முனகல் இல்லை.

முதலில் அமலோற்பவம் கயிற்றைப் பிடித்து ஏறி மேலே போனாள். அடுத்து உபால்தோவைக் கயிற்றில் கட்டியாயிற்று, கழுதைதான் இழுக்க வேண்டும். நில்டா கழுதையின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கழுதை அசையவில்லை! கெஞ்சினாள், தள்ளினாள். ம்ஹூம். கீழே கஸ்பாரின் காலடியில் திட்டு விரிசல் விட ஆரம்பித்தது.

“சீக்கிரம்! மண்ணு போவுது!”

அப்போது கயிற்றில் கட்டியிருந்த உபால்தோவே ஒரு அதட்டல் போட்டார். எங்கிருந்துதான் அவருக்கு அந்தக் குரல் வந்ததோ! கழுதை காதை விறைத்து நடந்தது. சேர்மக்கனி விளிம்பில் மண்டியிட்டு அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டாள். கயிறு மறுபடி கீழே பறந்தது. கஸ்பார் அதைக் கையில் சுற்றிய அதே நொடியில், அவன் நின்ற திட்டு பெயர்ந்து பனிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் நெடுநேரம் கழித்துத்தான் கேட்டது. சுவரில் மோதி, முழங்கை சிராய்த்து, ஒரு வழியாக அவனும் மேலே வந்து சேர்ந்தான்.

உபால்தோ வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, “லாமா எங்கே?”

சேர்மக்கனி முன்னால் வந்து உட்கார்ந்தாள். விளக்கு என்று நினைத்ததையும், மாடத்தில் வைத்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அமலோற்பவம் ஸ்பானிஷில் சொல்ல, நில்டா தங்கள் கெச்சுவா மொழியில் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

“யாரைக் கேட்டு எடுத்தே?” அவர் கத்தினார். “உன் வீட்டுக்கு நான் வந்து, உன் சாமி படத்தைக் கழட்டி, எனக்குப் பிடிச்ச சுவத்துல மாட்டினா நீ சும்மா இருப்பியா? அது பூமியில உக்காரணும். பூமியிலதான் உக்காரணும்! இது என்னன்னு ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் இல்லையா?”

வாயா? சேர்மக்கனிக்கா? தூத்துக்குடியில் அவளிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் கிடையாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்தது. “தப்புதான் அண்ணே. கேட்டிருக்கணும்” என்றாள். அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பிறகுதான் நில்டா தயங்கித் தயங்கி, ரொட்ரிகோ சொன்னதைச் சொன்னாள். உபால்தோ கத்தவில்லை. முறிந்த காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நாலு பேரும் சேர்ந்து அமுக்க வேண்டியிருந்தது.

“ஊருக்குள்ள போய் அப்படிச் சொல்லப் போறானா? கால் போனா போகட்டும். கழுதை மேல உக்காந்தாவது பிழைப்பேன். திருடன்னு பேர் வந்துட்டா எந்தக் கல்லுக்கு முன்னாடி நான் நிப்பேன்? எவன் என்னோட சேர்ந்து மலை ஏறுவான்?”

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை, அவரைக் கழுதையில் ஏற்றி மைதானத்துக்கு வந்தார்கள். நில்டா லாமாவை எடுத்துத் தரையில் அதன் இடத்தில் வைத்தாள். உபால்தோ கழுதை மேல் உட்கார்ந்தபடியே தன் பையிலிருந்த கொழுப்பையும் இலைகளையும் கொடுத்து வைக்கச் சொன்னார். பிறகு பல நாள் இறக்கம். கழுதையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்தார். வழியெல்லாம் சறுக்கல், தொங்கு பாலத்தில் பேய்க்காற்று, தின்ன அந்த ஒரு பைக் கிழங்கும் சோளமும். கஸ்பார் பாலத்தில் கழுதைக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து அதைக் கூட்டிவந்தான். நடுநடுவே சேர்மக்கனி, “அந்த ரொட்ரிகோ ஊர விட்டுப் போயிருக்கப்பிடாது, சாமி!” என்று வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதல் பலித்தது. மலையடிவார ஊரின் நடுவே திறந்த வெளியில் ஊர்க்கூட்டம் கூடியிருந்தது. முந்தின கோஷ்டியை பஸ் ஏற்றிவிட்டு, ரொட்ரிகோ அடுத்த கோஷ்டியை மலைக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். புது மூட்டைகள் கழுதைகளின் முதுகில் ஏறிவிட்டன. கூட்டத்தின் நடுவில் கிடந்த தட்டைப் பாறையில் ஏறி நின்று, உபால்தோவை இனி யாரும் சேர்க்கக்கூடாது என்று அவர் பேசி முடித்த நேரம்.

கழுதை மேல் உபால்தோ உள்ளே வந்தார்.

கூட்டம் விலகி வழி விட்டது. நில்டா நேராகப் போய், நடந்ததைத் தன் ஊர்க்காரர்களிடம் சொன்னாள். லாமா அதன் இடத்தில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம் என்றாள்.

ரொட்ரிகோ சிரிக்கப் பார்த்தார். “அப்பாடா, நல்லதாப் போச்சு! ஏதோ ஒரு குழப்பம். மறந்துடுவோம். சரி, கிளம்புங்க, நேரமாகுது.”

“மறந்துருவோமா?” சேர்மக்கனியின் குரல் ஊர் எல்லை வரை கேட்டது. “ஏட்டி அமலோ, வா!”

அவள் அந்தப் பாறையில் ஏறினாள். “எடுத்தது நான். கேக்காம எடுத்தேன். அடுத்தவங்க சாமான் எதுன்னு தெரியாம கைய வைக்கது தப்பு. நான் செஞ்ச தப்புக்கு இவரு கால் போச்சு. ஊரு முன்னால மன்னிப்புக் கேக்கேன்.” தமிழ் ஸ்பானிஷ் ஆகி, ஸ்பானிஷ் கெச்சுவா ஆகி, கூட்டத்தின் கடைசி வரை போனது. அவள் இறங்கி, பாறையைக் கை காட்டினாள். “நான் சொல்லிட்டேன். இப்ப இவன் ஏறணும். திருடன்னு எங்க நின்னு சொன்னானோ அங்க நின்னே இல்லன்னு சொல்லணும்!”

“நானா? இந்தக் கழுதைக்காரன்கிட்டயா?” என்றார் ரொட்ரிகோ.

மலையில் கிழங்குப் பை வைத்துவிட்டுப் போன மனிதர் தன் கழுதையிடம் போனார். கட்டை அவிழ்த்தார். மூட்டை தொப்பென்று தரையில் விழுந்தது. அவருக்கு அடுத்தவர் அவிழ்த்தார். அடுத்தவர். அடுத்தவர். அன்று தலையைக் குனிந்து மூட்டை கட்டிய அதே கைகள்! சற்று நேரத்தில் கூடாரங்கள், அடுப்புகள், பாத்திரங்கள் எல்லாம் ரொட்ரிகோவைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. ஒரு கழுதை முதுகிலும் ஒரு துணி கூட இல்லை. புதிதாக வந்த விருந்தாளிகள் என்ன ஏது என்று புரியாமல் விழித்தார்கள்.

ரொட்ரிகோ மூட்டைகளைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். கசங்காத சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பாறையில் ஏறினார்.

“உபால்தோ திருடன் இல்லை” என்று முணுமுணுத்தார்.

“சத்தமா!” என்றாள் சேர்மக்கனி, பிரேயரில் நிற்கும் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில். “கடைசி வரிசைக்குக் கேக்கல!”

“உபால்தோ திருடன் இல்லை!”

“அவங்க பாஷையில!”

ரொட்ரிகோவுக்கு அந்த பாஷை தெரியாது. இத்தனை வருடம் அந்த ஜனங்களை வைத்து வேலை வாங்கியும் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. நில்டா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்க, அவர் வியர்த்து வழிந்து, திக்கித் திணறித் திருப்பிச் சொன்னார். ஒரு சொல் தப்பியதற்கு ஊரே சேர்ந்து முதலிலிருந்து சொல்லச் சொன்னது. சொன்னார்.

மூன்றாவது தடவை முடிந்ததும் உபால்தோ கழுதை மேலிருந்து கையைத் தூக்கினார்.

“போதும், இறங்கு. எனக்குக் கால் வலிக்குது. யாராவது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”